ஆர்எக்ஸ்-8 வாங்கலாம், அப்பாவின் இஸ்வராவை மட்டும் விற்காதீர்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 27. சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறேன். செம்மோரில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட் முறை. இடைநிலைப் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மீது ஆசை. இப்போது கையில் 42,000 வெள்ளி சேர்ந்திருக்கிறது. ஈப்போவில் 2005-ஆம் ஆண்டு கார் ஒன்று 36,000 வெள்ளிக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், மேனுவல் கியர், மீட்டரில் 88,000 கிலோமீட்டர். விற்பவர், "இன்ஜின் நல்ல இன்ஜின், எண்ணெயே குடிக்காது, புஸ்பகோம் வாகனப் பரிசோதனை கண்டிப்பாகப் பாஸ் ஆகும்" என்கிறார். ஒரு நண்பன் உடனே எடு என்கிறான். இன்னொருவன் ரோட்டரி இன்ஜின் பக்கமே போகாதே, புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ தேடு என்கிறான். மாமா ஒருவர் கொஞ்சம் கடன் போட்டு நிசான் 350இசட் எடுக்கலாம் என்கிறார். அப்பா தோட்டத்தில் 31 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். "மைவி வாங்கு" என்று சாதாரணக் குடும்பக் கார் ஒன்றைச் சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறார். அவருடைய பழைய புரோட்டோன் இஸ்வரா கார் இன்னும் ஓடுகிறது. அதை விற்றால் 3,000 வெள்ளி கிடைக்கும், இன்சூரன்சுக்கு ஆகும் என்று நினைக்கிறேன். மாதம் ஒரு முறை அம்மாவை ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு இதயச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆர்எக்ஸ்-8 நம்பி வாங்கக்கூடிய காரா? எதைப் பார்த்து நான் முடிவெடுப்பது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் கண் போய் நின்றது கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில். ஒன்று இஸ்வராவை விற்பது, மற்றொன்று அம்மாவின் மருத்துவமனை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

நானும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். ஈப்போவில் 24 ஆண்டாக கார் மெக்கானிக்காக, நம் பேச்சில் போமெனாக, இருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை யாராவது "சின்னப் பிள்ளைத்தனம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எட்டு, பத்து ஆண்டு ஷிஃப்ட் வேலை பார்த்து, கடன் இல்லாமல் சேர்த்த பணம் உங்களுடையது. அதில் நீங்கள் ஆசைப்பட்டதை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும்.

"நம்பி வாங்கக்கூடிய காரா" என்று கேட்டால் எந்த போமெனும் ஆமாம் அல்லது இல்லை என்றுதான் சொல்வான். நான் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பேன். அந்த மாடலுக்கென்று ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறதா? இருந்தால் அது சொல்லிவிட்டு வருமா, சொல்லாமல் வருமா? வந்தால் எவ்வளவு செலவு, யார் கையில் கொடுக்க வேண்டும், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? அந்த நாளில் வீட்டில் ஓட்டுவதற்கு வேறு வண்டி இருக்கிறதா?

உதாரணத்துக்குப் போர்ஷ பாக்ஸ்டரைப் பாருங்கள். 1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர், 911 கார்களில் பலவற்றில் இன்ஜினுக்குள் ஒரு இடைத்தண்டு பேரிங் இருக்கிறது. ஐஎம்எஸ் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அது கடைசிவரை தொந்தரவு தராது. ஆனால் போனால், முன்கூட்டிப் பெரிதாக எதுவும் காட்டாமல் போய், முழு இன்ஜினையும் கூட அழைத்துக்கொண்டு போய்விடும். வருவது அரிது, வந்தால் மரண அடி. ஆர்எக்ஸ்-8 இதற்கு நேர் எதிர். அதன் கோளாறு அடிக்கடி வருவது, ஆனால் மெதுவாக வருவது, வருவதற்கு முன் பல மாதம் அறிகுறி காட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்கக்கூடியது. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் நண்பன் சொன்னதுபோல் "பக்கமே போகாதே" என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தெரிந்துகொண்டால் பயம் குறையும், ஏமாறவும் மாட்டீர்கள். 2003-இல் ஆர்எக்ஸ்-8 வந்தபோது அதன் ரெனசிஸ் இன்ஜின் அந்த ஆண்டின் சிறந்த இன்ஜின் என்ற அனைத்துலக விருதையே வாங்கியது. உள்ளே பிஸ்டன் கிடையாது, வால்வும் கிடையாது. பக்கங்கள் கொஞ்சம் புடைத்த முக்கோணம் மாதிரி இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு சொருகியிருக்கும். அதுதான் ஏபெக்ஸ் சீல். தடிமன் இரண்டு மில்லிமீட்டர்தான். ரோட்டர் சுற்றும்போது அந்தத் தகடு சுவரை உரசிக்கொண்டே ஓடும். அது தேய்ந்தால் கம்ப்ரெஷன், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பலம், குறையும். கம்ப்ரெஷன் குறைந்தால் முதலில் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது, அப்புறம் இழுவை குறையும், கடைசியில் குளிரிலும் ஸ்டார்ட் ஆகாது. அந்தத் தகடு உரசும் இடத்துக்கு எண்ணெய் வேண்டும் என்பதால், இன்ஜினே கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை எரியறைக்குள் தெளித்துக்கொண்டிருக்கும்.

இப்போது விற்பவர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். "எண்ணெயே குடிக்காது." தம்பி, ரோட்டரி இன்ஜின் எண்ணெய் குடிக்க வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். குடிக்கவில்லை என்றால் ஒன்று அவருக்குக் காரைப் பற்றித் தெரியவில்லை, அல்லது எண்ணெய் தெளிக்கும் பம்பு வேலை செய்யவில்லை. இரண்டுமே உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. இரண்டு முறை பெட்ரோல் ஊற்றினால் ஒரு முறை எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டிய கார் இது. இருபது ஆண்டில் அதை ஓட்டியவர்கள் அதைச் செய்தார்களா என்பதில்தான் அந்த இன்ஜினின் ஆயுள் இருக்கிறது.

மாஸ்டாவே இதை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு ரோட்டரி இன்ஜின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என்று நீட்டித்துக் கொடுத்தார்கள். 2009 மாடலிலிருந்து வந்த கார்களில் எண்ணெய் தெளிக்கும் அமைப்பையே மாற்றி, ஒவ்வொரு ரோட்டருக்கும் கூடுதலாக ஒரு துளை வைத்தார்கள். நீங்கள் பார்த்திருப்பது 2005, முதல் வகை.

அப்போ என்ன செய்யலாம்? கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் பட்டறைகளில் இருக்கும் சாதாரண கேஜை வைத்து இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஈப்போவில் யாராவது ஒரு போமென் பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, "ஓகே தம்பி, நல்லா இருக்கு" என்று சொல்லிவிடலாம். அவர் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் அந்த மூன்றில் அதிகமானதை மட்டும் பிடித்துக் காட்டும். இரண்டு முகம் நன்றாக இருந்து ஒன்று செத்துப்போயிருந்தாலும் கேஜ் சிரித்த முகமாகத்தான் இருக்கும். ரோட்டரிக்கென்று தனி டெஸ்டர் இருக்கிறது. அது ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாக அளந்து, ஆக மொத்தம் ஆறு எண்களைக் கொடுக்கும். நிமிடத்துக்கு 250 சுற்று என்ற கணக்குக்குத் திருத்திய பிறகு ஆறில் எதுவும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கக்கூடாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்கு நடுவில் 150-க்கு மேல் வித்தியாசம் கூடாது, இரண்டு ரோட்டருக்கும் நடுவில் 100-க்கு மேல் கூடாது. இது மாஸ்டா கொடுத்த அளவு. 830 பக்கம் இருந்தால் இன்ஜின் இளமையாக இருக்கிறது. 690, 700 என்று இருந்தால் பாஸ்தான், ஆனால் ஓய்வு பெறப் போகிற ஆள். அதற்கேற்ற விலையைத்தான் நீங்கள் கொடுக்க வேண்டும்.

ரோட்டரி செய்பவர்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறார்கள். காரை அங்கே கொண்டுபோய் அளந்து காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் செலவையும் பெட்ரோல் காசையும் நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். உண்மையிலேயே நல்ல இன்ஜின் என்று நம்புகிறவர் சம்மதிப்பார். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தாலும் சரி.

அதற்கு முன்பு, ஒரு காசு செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. காரைப் பார்க்கப் போகும்போது நேரம் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் முன்னதாகப் போய் நில்லுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்திருந்தால் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் இருபது நிமிடம் நன்றாக ஓட்டுங்கள். திரும்பி வந்து இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி சாவியைத் திருப்புங்கள். உடனே பிடிக்க வேண்டும். வெறுமனே சுற்றிச் சுற்றி, ஐந்தாறு விநாடி இழுத்து, அப்புறம் இருமிக்கொண்டு பிடித்தால் கம்ப்ரெஷன் போய்க்கொண்டிருக்கிறது. சிலர் வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டி இதை மறைப்பார்கள். அதனால்தான் இந்தச் சோதனையில் பாஸ் ஆனாலும் அந்த ஆறு எண்கள் வேண்டும் என்கிறேன். இதில் ஃபெயில் ஆனால் எண்ணே தேவையில்லை, வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம்.

பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலைப் பற்றியும் கேளுங்கள். இந்தக் காரில் அது தேயும் பொருள் மாதிரித்தான். காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல் வெளியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அடைத்துவிடும், அது அடைத்தால் சூடு திரும்பி இன்ஜினுக்கே வரும். ஒரு காயிலைச் சரியான நேரத்தில் மாற்றாததால் இன்ஜினையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். நான்கு காயிலும் எப்போது மாற்றியது, ரசீது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறினால் கவனியுங்கள்.

இன்னொன்று. இன்ஜினைப் பிரித்துக் கட்டிய கார் என்றால் பயந்து ஓடாதீர்கள். ரசீதோடு, தெரிந்த கையால் முறையாகக் கட்டியிருந்தால், "இன்ஜின் திறக்கவே இல்லை" என்று பெருமை பேசும் காரைவிட அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

புஸ்பகோம் பாஸ் ஆகும் என்று விற்பவர் சொன்னதற்கு வருகிறேன். நம் ஆட்கள் நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெயர் மாற்றத்துக்காக எடுக்கும் பி5 பரிசோதனையின் முக்கிய வேலை காரின் அடையாளத்தைப் பார்ப்பது. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கார் பதிவுப் பத்திரமான கிரானில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, வெட்டி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது கட்டாயம் வேண்டும், அதில் நிற்காத காரைத் தொடவே கூடாது. ஆனால் உங்கள் ஏபெக்ஸ் சீல் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்கள் பார்ப்பதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

மீட்டரில் 88,000 என்கிறீர்கள். இருபது ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 4,400 கிலோமீட்டர். உண்மையாகவே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் ரோட்டரிக்கு அது சந்தோஷமான கணக்கு இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடி, சூடே ஏறாமல் நின்றிருந்தால் உள்ளே கரி படிந்திருக்கும். ஆறு கியர் மேனுவல் கார் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். அவ்வப்போது நன்றாகச் சூடேற்றி, மேலே ஏற்றி ஓட்டிய கார்தான் ஆரோக்கியமாக இருக்கும்.

உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வயதில் நானும் ஒரு ஜப்பான் டர்போ கார் வாங்கினேன். கோலாலம்பூரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம். மீட்டரில் 68,000. காருக்குள் உட்கார்ந்ததும் கிளட்ச் பெடலைப் பார்த்தேன். ரப்பர் புத்தம் புதிதாக, வரி வரியாக, கறுப்பாக இருந்தது. பிரேக் பெடலும் அப்படியே. "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. 68,000 ஓடிய காரில் அந்த ரப்பர் ஒரு பக்கம் மழுங்கி, வலது ஓரம் பளபளவென்று தேய்ந்திருக்க வேண்டும். அது புதிதாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது மாதம் மெனோரா சுரங்கப்பாதைக்குப் போகும் ஏற்றத்தில் இன்ஜின் அடியிலிருந்து தட் தட் என்று சத்தம். பேரிங் போய்விட்டது. ஏழு மாதக் கர்ப்பிணி மனைவியோடு நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன், இருட்டும்வரை. பிறகு காரைப் பிரித்துப் பார்த்தவர் இது 150,000-க்குக் குறையாமல் ஓடியிருக்கும் என்றார். இன்ஜினுக்காக மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. இன்றுவரை எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் என் கண் பெடல் ரப்பருக்குத்தான் போகும். நீங்களும் அதைப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க ஓரம், ஸ்டீயரிங்கின் தோல், கியர் தலை. இவை எல்லாம் ஒரே வயதைச் சொல்ல வேண்டும்.

சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் எத்தனை கார் மூழ்கியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அதெல்லாம் கழுவித் துடைத்து எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. கம்பளத்தை மாற்றுவார்கள், இருக்கையை மாற்றுவார்கள், பெல்ட்டின் கடைசி முழத்தில் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்கள்.

சரி, மற்ற யோசனைகளைப் பார்ப்போம்.

350இசட் வேண்டாம். நல்ல கார், இன்ஜினும் திடமானது. ஆனால் 3,498 சிசி. நம் நாட்டு ரோட் டேக்ஸ் கணக்கில் 3,000 சிசிக்கு 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. போட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு 4,371 வெள்ளி. கார் நின்றுகொண்டிருந்தாலும் கட்ட வேண்டும். அதற்கு மேல் கடன் வேறு. உங்கள் சம்பளத்துக்கு அது சுமை. கடன் என்று பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்: "சம்போங் பாயார்" என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் காது கொடுத்தே கேட்காதீர்கள். கிரானில் உங்கள் பெயர் வராது, தவணை மட்டும் நீங்கள் கட்டுவீர்கள், ஒரு நாள் வங்கி ஆள் வந்து வாசலிலிருந்தே இழுத்துக்கொண்டு போவான்.

சத்ரியா ஜிடிஐ பற்றி உங்கள் நண்பன் சொன்னது நல்ல யோசனை. 1998-இல் வந்தது, மிட்சுபிஷியின் 1,834 சிசி 4ஜி93 இன்ஜின், லோட்டஸ் ஆட்கள் ஓட்டத்தைச் சீர்செய்து கொடுத்த கார். ரோட் டேக்ஸ் 297 வெள்ளி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த இன்ஜினை சுங்கை சிப்புட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய கைகள் இருக்கின்றன. பொருள் கிடைக்கும், பழைய காரை அறுத்து விற்கும் ஹாஃப் கட் கடைகளில் இன்ஜினும் தேடிப் பிடிக்கலாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வாங்கிய அன்றே வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள், அறுந்தால் வால்வு வளையும். ஆனால் இதில் வேறு விதமான ஆபத்து. போலிகள் நிறைய. சாதாரண 1.3, 1.6 சத்ரியாவை எடுத்து, ஜிடிஐ பம்பரும் ஸ்டிக்கரும் இருக்கையும் மாட்டி, இன்ஜினையும் மாற்றி ஜிடிஐ விலைக்கு விற்கிறார்கள். கிரானில் மாடல் பெயரையும் சிசியையும் பாருங்கள். பிறவியிலேயே ஜிடிஐயா, பிற்பாடு ஆக்கப்பட்டதா என்று அங்கேதான் முதலில் தெரியும். அப்புறம் பின் சக்கர வளைவுக்கு உள்ளேயும் பூட் கம்பளத்துக்கு அடியிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

டர்போ கார் யாராவது காட்டினால், அதிலும் பூஸ்ட் ஏற்றி, கம்ப்யூட்டர் மாற்றியது என்றால், தயவுசெய்து விலகிவிடுங்கள். அதன் ஆயுள் அதைத் தயாரித்த கம்பெனி கையில் இல்லை, கடைசியாக டியூன் செய்தவர் கையில் இருக்கிறது. அவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது.

இனி நம் ஊரைப் பற்றி. கார் நிபுணர்கள் எழுதுவதில் இது வராது. உங்கள் தாமானிலிருந்து பெரிய சாலைக்கு வருவதற்குள் எத்தனை வேகத்தடை ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். செம்பனை லோரி ஓடும் சாலையில் குழி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயரம் குறைத்த கார் என்றால் எண்ணெய்த் தொட்டி தரையில் இடிக்கும். காற்றுக்குத் திறந்த ஃபில்டர் மாட்டியிருந்தால் தோட்டத்துச் செம்மண் தூசு நேராக இன்ஜினுக்குள் போகும், அந்த இரண்டு மில்லிமீட்டர் தகட்டை அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்க்கும். கம்பெனி ஃபில்டர் பெட்டியோடு இருக்கிற காரையே வாங்குங்கள், இல்லாவிட்டால் அதைத் தேடி மாட்டுங்கள். செம்பனை ஓரத்து வீடுகளில் எலி வயரைக் கடிக்கும். ஓடாமல் நிற்கும் காரில்தான் அது குடியேறும். வாரம் ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள்.

ஒரு பழக்கம் வீட்டிலேயே மாற வேண்டும். அப்பா மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்க வேண்டும் என்று காரை ஸ்டார்ட் செய்து, பத்தடி பின்னால் தள்ளி, உடனே அணைத்துவிடுவோம் இல்லையா? ஆர்எக்ஸ்-8-க்கு அதைச் செய்யவே கூடாது. குளிர்ந்த இன்ஜினில் கூடுதலாகத் தெளித்த பெட்ரோல் உள்ளேயே தேங்கி, பிளக்கை நனைத்து, அடுத்த முறை ஸ்டார்ட்டே ஆகாது. காலை ஷிஃப்டுக்கு ஐந்தரை மணிக்கு வெளியே வந்து சாவியைத் திருப்பும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்தால் சூடேறும்வரை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் நியூட்ரலில் கையால் தள்ள வேண்டும். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். கையில் 42,000. இன்ஜின் பிரித்துக் கட்டும் நாள் ஒன்று வரும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். அது ஐந்து இலக்கச் செலவு. அதற்காக 12,000 தனியாக, தொடக்கூடாத பணமாக இருக்கட்டும். இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், எடுத்த உடனே மாற்ற வேண்டிய பிளக், காயில், எண்ணெய் வகைகளுக்கு ஒரு 3,000. மீதி 27,000. இந்தக் காருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை அதுதான், அதுவும் ஆறு எண்களும் நன்றாக இருந்தால். 36,000 கொடுத்தால் கையில் ஆறாயிரம் நிற்கும். அந்த ஆறாயிரத்தை நம்பி ரோட்டரி வைத்திருக்க முடியாது. பேரம் பேசிப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் இன்னும் ஓர் ஆண்டு சேர்த்துவிட்டு வேறு காரைத் தேடுங்கள். பழைய ஆர்எக்ஸ்-8 விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது, கார் முழுதாகப் போனால் எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகை கிடைக்குமா என்று கேளுங்கள். சந்தை விலை என்று விட்டுவிட்டால் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அவர்கள் ஒரு விலை சொல்வார்கள், நீங்கள் ஒன்று நினைத்திருப்பீர்கள். இன்ஜின் தானாகத் தேய்ந்து போனால் இன்சூரன்ஸ் ஒரு காசும் தராது, அதையும் மனதில் வையுங்கள்.

விற்பவர் வியாபாரியா, தனி ஆளா என்று நீங்கள் எழுதவில்லை. வியாபாரியிடம் வாங்கி, அவர் எழுதிக் கொடுத்ததற்கு மாறாகக் கார் இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது. எப்படியானாலும் "மீட்டர் உண்மை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, பெரிய விபத்து இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வந்து அழுதவர்கள் நிறைய பேர்.

இப்போது இஸ்வரா. அதை விற்காதீர்கள், தம்பி. 3,000 வெள்ளிக்கு அது தரும் நிம்மதி வேறெங்கும் கிடைக்காது. ஆர்எக்ஸ்-8 ஒரு வாரம் பட்டறையில் நிற்கும், அது உறுதி. எந்த வாரம் என்றுதான் தெரியாது. அது அம்மாவின் மருத்துவமனை வாரமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இஸ்வரா வாசலில் இருந்தால் ஆர்எக்ஸ்-8 பழுதாகி நின்றாலும் அது வெறும் பணப் பிரச்சினை. இஸ்வரா இல்லை என்றால் அது வீட்டுப் பிரச்சினையாகிவிடும். அந்த மூவாயிரத்தை எடுப்பதற்குப் பதில், அதிலேயே ஓர் ஆயிரத்தைப் போட்டு டயரும் பிரேக்கும் ரேடியேட்டர் குழாயும் மாற்றி வையுங்கள்.

அப்பா "மைவி" என்று சொல்வதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு உங்கள் ஆசை புரியாமல் இல்லை. நடுராத்திரியில் கார் ஸ்டார்ட் ஆகாத வீட்டில் வாழ்ந்த பயம் அது. தோட்டத்தில் உடம்புக்கு முடியாதவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லோரிக்காகக் காத்திருந்த காலத்தை அவர் பார்த்திருப்பார். இஸ்வரா இருக்கும், அம்மாவுக்கு அதுதான், இரண்டாவது கார்தான் என் ஆசைக்கு என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். பேச்சு வேறு மாதிரி போகும் என்று நினைக்கிறேன். காரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். முப்பத்தொரு ஆண்டு தோட்டத்து லோரி, டிராக்டர்களோடு பழகியவர் காது, சத்தத்தில் வித்தியாசம் இருந்தால் கண்டுபிடித்துவிடும்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்தால், டெஸ்ட் எடுக்கச் சம்மதம் வாங்குங்கள். ஆறு எண்களும் கையில் வந்ததும், பெடல் ரப்பரின் படம் ஒன்றையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.